மிதக்கும் காரீயம்



மேசைமேல் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் மாவாக அரைபட்ட தூள். ஒன்று கருஞ்சாம்பல் நிறம். வெளிச்சத்தில் திருப்பினால் மினுமினுக்கும். மற்றது காப்பித்தூள் நிறம். முதலாவது காரீய அடர்தாது, இரண்டாவது துத்தநாக அடர்தாது. அடர்தாது என்பது மேடைக்கான சொல். ஆலைக்குள் எல்லோருக்கும் அது 'கான்சன்ட்ரேட்'தான். பூமிக்கடியில் இருந்தபோது இவை இரண்டும் ஒரே கல். அந்த ஒரு கல் எப்படி இரண்டு புட்டிகளாகப் பிரிந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் எடுத்தவர்களுக்கு 'நுரை மிதப்பு முறை' நினைவிருக்கும். ஒரு படம், சில வரிகள், தேர்வில் கேட்டால் சில மதிப்பெண்கள். என் பணிக்காலம் முழுதும் அந்தச் சில வரிகளுக்குள்தான் கழிந்தது. சுரங்கத்தைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள், உருக்காலையைப் படம் பிடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் இந்த ஆலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த இரண்டு உலோகங்களும் பாறையில் கலந்து கிடப்பதுபோலவே சொல்லிலும் கலந்து கிடக்கின்றன. வடமொழி மருத்துவ நூல்களில் நாகம் என்றால் காரீயம். நம் சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆகவே ஆயுர்வேதத்து நாக பஸ்மம் வேறு, சித்தர்களின் நாக பற்பம் வேறு. இலங்கைத் தமிழில் போகலச் சுரங்கத்து கிராஃபைட்டுக்கே காரீயம் என்று பெயர். உலோகத்தை அங்கே ஈயம் என்பார்கள். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமோ வெள்ளீயம். அது மூன்றாவது உலோகம். கீழை நாடுகளில் வாணிபம் செய்த ஐரோப்பியர் துத்தநாகத்தை 'டூட்டனேக்' என்று கணக்கில் எழுதிவைத்தார்கள். அந்தச் சொல் யாருடைய உறவு என்று உங்களுக்கே காதில் படும். இன்று நான் காரீயம் என்று சொல்லும்போதெல்லாம் பாட்டரிக்குள் இருக்கும் அந்தக் கனத்த உலோகத்தையே சொல்கிறேன்.

பாறைக்குள் இவை உலோகமாக இருப்பதில்லை, கந்தகத்தோடு கூடியிருக்கின்றன. காரீயத்தின் தாது கலீனா. உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிளக்கும், முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும். தண்ணீரைப்போல் ஏழரை மடங்கு கனம். துத்தநாகத்தின் தாது ஸ்பேலரைட். பழைய புத்தகங்களில் ஜிங்க் பிளண்ட். தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனம், பிசின்போல ஒரு மினுக்கம், தேன் நிறத்திலிருந்து கறுப்புவரை பல நிறம். கூடவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் கூளம்: குவார்ட்ஸ், மைக்கா போன்றவை. ராஜஸ்தானில் பில்வாரா மாவட்டத்து ராம்பூரா அகுச்சா சுரங்கத்தின் தாதில் கிராஃபைட்டும் உண்டு. அது படுத்தும் பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

கல்லை உடைக்காமல் பிரிக்க முடியாது. சுரங்கத்திலிருந்து வரும் பாறை கிரஷரில் உடைந்து, மில்லுக்குள் எஃகு உருண்டைகளோடு தண்ணீரில் உருண்டு அரைபடுகிறது. எவ்வளவு நைசாக? ஒவ்வொரு துகளிலும் ஒரே தாது இருக்கும் அளவுக்கு. பல ஆலைகளில் தலைமுடியின் தடிமனை ஒட்டி, ஏறத்தாழ 75 மைக்ரான் அளவுக்கு அரைப்பார்கள். அரைப்பு போதாவிட்டால் ஒரு துகளிலேயே காரீயமும் துத்தநாகமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எந்தப் புட்டியில் போட்டாலும் தப்பு. அதிகமாக அரைத்தால் சேறாகிவிடும். சேறு எந்தக் குமிழுக்கும் பிடிபடாது. ஆலையின் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பதும் இந்த மில்தான்.

இதில் ஒரு வேடிக்கையான சங்கடம் உண்டு. அரைத்த குழம்பைச் சுழற்றி, பருமனானதை மில்லுக்குத் திருப்பி அனுப்பும் கருவிக்கு சைக்ளோன் என்று பெயர். அது துகளின் பருமனைப் பார்க்கிறது என்று நினைப்போம். உண்மையில் அது கனத்தையும் பார்க்கிறது. கலீனா மென்மையான தாது, கனமும் அதிகம். அது ஏற்கெனவே போதுமான அளவு அரைபட்டிருந்தாலும், கனமாக இருப்பதால் 'நீ பெரியவன், திரும்பிப் போ' என்று சைக்ளோன் அதை மறுபடி மில்லுக்குள் தள்ளும். இப்படிச் சுற்றிச் சுற்றியே காரீயம் சேறாகிப் போகும். இதற்காகவே சில ஆலைகளில் மில்லின் வாசலிலேயே ஒரு மிதப்புத் தொட்டி வைத்து, விடுபட்ட காரீயத்தை உடனே எடுத்துவிடுவார்கள்.

அரைத்தாயிற்று. இனிப் பிரிக்க வேண்டும். இதற்கு மனிதன் கண்ட முதல் வழி நம் வீட்டிலேயே இருந்தது. உள்ளே வரிவரியாகப் பள்ளம் வைத்த அரிக்கன் சட்டியில் அம்மா அரிசி அரித்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். சட்டியைத் தண்ணீரோடு சாய்த்து ஆட்டினால் அரிசி நழுவிப் போகும், கல் வரியில் தங்கும். கனமானது கீழே, லேசானது மேலே. உலகத்துத் தாது ஆலைகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை இந்த அரிக்கன் சட்டியையே இயந்திரமாக்கி ஓட்டிக்கொண்டிருந்தன.

அந்த வழி முட்டி நின்ற இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில். நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில், மழையே அரிதான வெட்டவெளி. 1883-இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஜெர்மானியர், ஆட்டுப் பண்ணையின் எல்லை வேலியைக் குதிரையில் சுற்றிக் காவல் பார்த்தவர், அங்கிருந்த கரிய முகட்டில் வெள்ளீயம் இருக்கும் என்று நினைத்து இடம் பதிவு செய்தார். கிடைத்தது வெள்ளியும் காரீயமும். 1885-இல் அங்கே தொடங்கிய கம்பெனிதான் இன்றைய பிஎச்பி. மேல்பகுதித் தாது காற்றும் மழையும் பட்டு மாறியிருந்ததால் எளிதில் உருகியது. ஆழம் போகப்போக மாறாத கந்தகத் தாது வந்தது; காரீயமும் துத்தநாகமும் பின்னிப் பிணைந்திருந்தன. காரீயத்தை அரித்து எடுத்தார்கள். துத்தநாகத்தை எடுக்க முடியவில்லை. ஏன் என்று தெரிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது: அந்த ஊர்ப் பாறையில் கூளமாக இருந்தவை ரோடோனைட்டும் கார்னெட்டும். ஸ்பேலரைட்டின் கனத்தை ஒட்டியே அவற்றின் கனமும். அரிசியும் கல்லும் ஒரே கனமாக இருந்தால் அரிக்கன் சட்டி என்ன செய்யும்? துத்தநாகம் முழுதும் கழிவோடு போய்ப் பல லட்சம் டன்னாக ஊரைச் சுற்றி மலையாகக் குவிந்தது. அந்த மலைக்குள் பெரும் பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

வழி காட்டியவர்களில் இருவர் மெல்பர்னில் பீர் வடிக்கும் தொழிலிலிருந்து வந்தவர்கள்: சார்லஸ் பாட்டர், ஆகஸ்டே டி பவே. இன்னொருவர் பிஎச்பியின் பொது மேலாளர் டெல்பிரா, டச்சுக்காரர். 1902-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாட்டரும் டெல்பிராவும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். கழிவுத் தூளைச் சூடான அமிலக் கரைசலில் போட்டால், அதிலுள்ள கார்பனேட் பொங்கிக் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் கந்தகத் தாதுவை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு மேலே கொண்டுவந்தன. கூளம் அடியிலேயே கிடந்தது. கனமானது மேலே, லேசானது கீழே! யார் முந்தியவர் என்று இருவருக்கும் வழக்கு நடந்தது. பீர் வடிப்பில் நாள் முழுதும் நுரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபட்டதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1905-இல் லண்டனின் மினரல்ஸ் செப்பரேஷன் கம்பெனி, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான எண்ணெயும் வேகமாகக் கலக்கிய காற்றும் போதும் என்று காட்டியது. அந்தக் காப்புரிமை செல்லுமா என்ற வழக்கு 1916-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1886-இலேயே, அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண்மணி எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதில் அவருக்குப் பணம் ஏதும் சேரவில்லை. அந்தப் பெயரை மேடைதோறும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

கனமானது எப்படி மிதக்கும்? தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அங்கே இருக்கிறது விடை. இலையில் நீர் ஒட்டாமல் முத்தாக உருளும். உலகத்தில் உள்ள பரப்புகள் இரண்டு ஜாதி: நீர் பரவி ஒட்டுபவை, நீர் ஒட்டாமல் விலகுபவை. வீட்டுக்குப் போய் ஒரு தையல் ஊசியை விரலில் உருட்டிவிட்டு, தம்ளர்த் தண்ணீர்மேல் மெதுவாகப் படுக்கவையுங்கள். மிதக்கும். விரலின் எண்ணெய்ப் பசை அதன்மேல் படிந்ததால் தண்ணீர் அதை நனைக்க மறுக்கிறது. எஃகின் கனமும் கலீனாவின் கனமும் ஏறத்தாழ ஒன்றுதான். தண்ணீருக்குள் காற்றுக் குமிழை விட்டால், நீர் ஒட்டாத துகள் குமிழோடு ஒட்டிக்கொண்டு மேலே போகும். நீர் ஒட்டிய துகள் கீழே தங்கும்.

ஆகவே எங்கள் வேலை, எந்தத் துகளைத் தாமரை இலையாக்குவது என்று தீர்மானிப்பது. அதற்கு சாந்தேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. 1920-களில் வழக்கத்துக்கு வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஆலை வாசலிலேயே மூக்கில் ஏறும். அதன் ஒரு முனை கந்தகத் தாதின் பரப்பைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எண்ணெய்த் தன்மையோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டன்னுக்குக் கிராம் கணக்கில் போட்டால் போதும். ஏனென்றால் துகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் குமிழுக்குக் கவலை இல்லை. வெளியே ஒரு மூலக்கூறு தடிமனில் இருக்கும் தோல் போதும். மிதப்பதா அமிழ்வதா என்பதை அந்தத் தோல் முடிவு செய்கிறது. இத்தனை பெரிய மலையும் இத்தனை மெல்லிய தோலில்தான் நிற்கிறது என்பதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இரண்டையும் சேர்த்து மிதக்கவிட்டால் மறுபடி கலவைதானே? முதலில் காரீயம் மட்டும் மேலே வர வேண்டும், துத்தநாகம் கீழே தூங்க வேண்டும். பிறகு அதை எழுப்ப வேண்டும். காரீயத்தை மட்டும் முதலில் மிதக்கவிடும் வழியை 1912-இல் புரோக்கன் ஹில் ஜிங்க் கார்ப்பரேஷனில் லிஸ்டர் கண்டார். தூங்கவைக்கும் மருந்தை 1922-இல் ஷெரிடனும் கிரிஸ்வோல்டும் சொன்னார்கள்: துத்தநாக சல்பேட்டும் சோடியம் சயனைடும். எழுப்பும் மருந்து தாமிர சல்பேட். அதற்கு பிராட்ஃபோர்டு 1913-இலேயே வழி காட்டியிருந்தார். நம் நாட்டுமருந்துக் கடையில் துத்தநாக சல்பேட்டுக்கு வெள்ளைத்துத்தம் என்று பெயர், தாமிர சல்பேட்டுக்கு மயில்துத்தம். வெள்ளைத்துத்தம் துத்தநாகத்தைத் தூங்கவைக்கிறது, மயில்துத்தம் எழுப்புகிறது. துத்தநாகம் என்ற பெயருக்குள்ளேயே துத்தம் உட்கார்ந்திருப்பதை நான் இந்த வேலைக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

நடப்பது இதுதான். ஸ்பேலரைட்டின் பரப்பு தானாக சாந்தேட்டை உறுதியாகப் பிடிக்காது. தாமிர அயனி வந்தால் பரப்பில் உள்ள துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். உள்ளே துத்தநாகம், வெளியே தாமிரத் தோல். தாமிரத் தோலை சாந்தேட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது. தொல்லை என்னவென்றால், தாமிரம் நாம் கூப்பிடும்போது மட்டும் வருவதில்லை. தாதுவிலேயே கொஞ்சம் தாமிரம் கரைந்து வரும். காரீயம் மிதக்கும் தொட்டியிலேயே துத்தநாகத்தை எழுப்பிவிடும். அந்தத் தாமிரத்தைக் கட்டிப்போடத்தான் சயனைடு. புத்தகத்தின் சில வரிகளில் இந்தச் சண்டைக்கு இடமில்லை.

ஓர் இரவு ஷிப்ட் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். கோடை, தண்ணீர்த் தட்டுப்பாடு. கழிவுக் குட்டையில் தெளிந்த தண்ணீரைத் திருப்பி எடுத்து ஓட்டத் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. மிதப்புத் தொட்டிகளின் ஓரமாக நின்றிருந்த வயதான ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டார். காரீய நுரையை ஒரு வெள்ளைத் தட்டில் அள்ளி, தண்ணீர் விட்டு, கையைச் சாய்த்து ஆட்டினார், அரிக்கன் சட்டி ஆட்டுவதுபோலவே. தட்டின் விளிம்பில் முதலில் கருஞ்சாம்பல் கோடு வரும், அது காரீயம். அதையடுத்து மெலிதாக ஒரு காப்பி நிறக் கோடு இருப்பது வழக்கம். அன்று அந்தக் கோடு விரல் அகலம். "சாப், ஜஸ்தா ஆ ரஹா ஹை" என்றார். ஜஸ்தா என்றால் துத்தநாகம்; அது வந்துகொண்டிருக்கிறது என்கிறார். ஆய்வகத்திலிருந்து எண் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் சொன்னதையே அதுவும் சொன்னது. துத்தநாகப் பகுதியில் தாராளமாக ஊற்றிய மயில்துத்தத்தின் மிச்சம், திரும்பிவந்த தண்ணீரோடு காரீயத் தொட்டிக்குள் நுழைந்து, தூங்க வேண்டியதை எழுப்பிவிட்டிருந்தது. நல்ல தண்ணீருக்கு மாற்றி, மருந்தளவைச் சரிசெய்து முடிக்கப் பொழுது விடிந்துவிட்டது. அந்த வெள்ளைத் தட்டை நான் அன்றிலிருந்து கையோடு வைத்துக்கொண்டேன்.

இப்படி வழிதவறிப் போகும் துத்தநாகம் வெறும் கணக்குப் பிழை இல்லை. பெரும்பாலான காரீய உலைகளில் துத்தநாகம் கசடோடு போகும்; அதற்குக் காசு கிடையாது. துத்தநாகப் பக்கம் போன காரீயத்துக்கும் அதே கதி.

காரீயம் எடுத்த பிறகு மிச்சக் குழம்பில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை நன்றாக ஏற்றுவார்கள், பைரைட் அடங்கிவிடும். மயில்துத்தம், சாந்தேட், நுரைப்பான். துத்தநாகம் காப்பி நிற நுரையாக விளிம்பில் வழியும். முதலில் எடுத்த நுரையில் கூளமும் கொஞ்சம் ஒட்டிவரும் என்பதால், அதையே திரும்பத் திரும்ப மிதக்கவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அகுச்சாத் தாதின் கிராஃபைட்டுக்கு எந்த மருந்தும் வேண்டாம், அது பிறவியிலேயே தாமரை இலை. விட்டால் எல்லா நுரையிலும் வந்து அழுக்காக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மிதக்கவிட்டு வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு. 100 டன் தாதில் 10 டன் துத்தநாகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்தாதில் நூற்றுக்கு 50, கழிவில் நூற்றுக்கு 1 என்றால், 18 டன்னுக்குச் சற்று மேல் அடர்தாது கிடைக்கும். இருந்த துத்தநாகத்தில் நூற்றுக்கு 92 பங்கு கைக்கு வரும். ஸ்பேலரைட் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் அதில் துத்தநாகம் நூற்றுக்கு 67 தான், மிச்சம் கந்தகம். 50 என்பது குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் சுத்தமாக்கலாமே என்றால், ஆக்கலாம். அப்போது கழிவோடு போவது கூடும். தரத்தைக் கூட்டினால் அளவு குறையும், அளவைக் கூட்டினால் தரம் குறையும். எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு ஷிப்டும் முடிவு செய்ய வேண்டும்.

நுரையை வடித்துத் தண்ணீரைப் பிழிந்தால் அடைபோல விழும். அதையும் முழுக்கக் காயவிடுவதில்லை, நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு ஈரம் வைத்திருப்பார்கள். அதற்கும் மேல் போனால் கப்பலில் கொண்டுபோகும்போது அலைக்குலுக்கலில் சரக்கு சேறாக இளகிக் கப்பலையே சாய்த்துவிடும் ஆபத்து உண்டு. ரொம்பக் காய்ந்தால் தூசி பறக்கும். காரீயத் தூசியைப் பற்றி நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். குழந்தையின் மூளைக்கு அது செய்யும் கேட்டைத் திருப்பி எடுக்க முடியாது. புரோக்கன் ஹில்லில் சுரங்கத்தை ஒட்டி வளரும் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று இன்றுவரை அளந்துகொண்டே இருக்கிறார்கள். என் ஆலைச் செருப்பு ஒருநாளும் என் வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. சட்டையை ஆலையிலேயே மாற்றிக்கொண்டு, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன்.

அந்த 100 டன்னில் 80 டன்னுக்கு மேல் கழிவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாம் பேசாமல் விடும் பகுதி அதுதான், எனக்கு இரவில் தூக்கம் கெடுத்த பகுதியும் அதுதான். அதில் பைரைட் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். 1998 ஏப்ரல் 25 அன்று ஸ்பெயினின் அஸ்னால்கோயார் துத்தநாகச் சுரங்கத்தில் கழிவுக் குட்டையின் கரை உடைந்தது. கறுத்த சேறும் அமில நீரும் குவாதியமார் ஆற்றில் இறங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலத்தைப் பாழாக்கி, தோனானா தேசியப் பூங்காவின் எல்லைவரை வந்தது. அவசரமாக மண்கரை போட்டுப் பூங்காவைக் காத்தார்கள். சேறு படிந்த மேல்மண்ணை வழித்தெடுத்துச் சுரங்கப் பள்ளத்தில் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போது அகுச்சா போன்ற சுரங்கங்களில் கழிவின் ஒரு பகுதியைச் சிமெண்டோடு குழைத்து, தாது வெட்டியெடுத்த வெற்றிடத்துக்குள்ளேயே நிரப்புகிறார்கள். வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது. செலவு அதிகம்தான், ஆனால் எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல வழி இன்னும் இல்லை. புதிய ஆலைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நுரைத் தொட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கழிவு எங்கே போகப்போகிறது என்றுதான் கேட்கிறேன்.

பேச்சு முடிந்ததும் மாணவர்கள் மேசைக்கு வரலாம். இரண்டு புட்டிகளும் ஒரே அளவு, ஒரே மட்டத்துக்கு நிரப்பியவை. கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புட்டி இருக்கும் கை சட்டென்று தாழும். நுரையில் ஏறி முதலில் மேலே வந்தது அதுதான். மூடியில் மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், யாரும் திறக்க வேண்டாம்.